அரசாங்கக் கட்டடங்களும் அவற்றின் காவலும்

'அரண்' என்னும் சொல்லைக் கேட்ட அளவில் மதிலும் அகழியும் வாயிற்காவலும் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. திருக்குறளின் பொருட்பாலில் அரணுக்கென ஓர் அதிகாரம் உண்டு. நீரும் நிலமும் மலையும் காடும் அரணாம் என்று எண்ணிய வள்ளுவர், அவ்வதிகாரத்தை முடிக்குங்கால், உள்ளிருப்போரிடத்தே செயற்றிறன் இல்லையாயின் எத்துணை மாட்சியுடைய அரணும் பயன்படாது என்னும் கருத்தை வைத்தே முடித்தார். மதிலைப் பற்றிப் பேசத் தொடங்கி மனிதரிடத்தே வந்து நின்ற அப்பெரியாரின் வழியிலேயே யாமும் இக்கட்டுரையை நடத்த விழைகின்றோம். அரசியற் குழப்பமும் தீவிரவாதமும் தலைதூக்குங் காலத்தில் அரசாங்கக் கட்டடங்களைக் காப்பது எவ்வாறு என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

விழா மலருக்கு இஃது ஏற்ற பொருளோ என ஐயுறுவாரும் இருக்கலாம். கொழும்பிலே கல்வி கற்ற நமக்கு இதனினும் நெருங்கிய பொருள் அரிது. வெள்ளவத்தையிலிருந்து கரையோரப் புகைவண்டியிலும், கொட்டாஞ்சேனையிலிருந்து கால்நடையாகவும் கோட்டையிலுள்ள கந்தோர்களுக்குச் சென்று வந்தவர் நம் முன்னோருட் பலர். அக்கட்டடங்களுக்குள்ளே மேசையிற் பணியாற்றியவரும் நாமே. பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கும் காணி உறுதிக்கும் ஓய்வூதியத்துக்குமாக அவற்றின் வாயிலிற் காத்து நின்றவரும் நாமே. அவற்றைக் காக்கவென நாட்டப்பட்ட வீதித் தடைகளிலே அடையாள அட்டையை நீட்டி மறுமொழி கூறி நின்றவரும் நாமே. மூன்று நிலையிலும் நின்றறிந்தவர் இப்பொருளைப் பற்றிப் பேசாதிருத்தல் முறையன்று.

காக்கப்படுவது எது?

காவலின் முறையை ஆராயுமுன் காக்கப்படும் பொருளைத் தெளிதல் வேண்டும். அரசாங்கக் கட்டடம் என்பது ஆளுங் கட்சியின் உடைமையன்று, பதவியிலிருப்போரின் வீடுமன்று. ஆட்சியாளர் வருவர், போவர். கட்டடம் குடிமக்களின் பொதுச் சொத்தாக நிற்கும். அதனுள்ளே மூன்று பொருள்கள் உள்ளன. முதலாவது உயிர்: பணியாளரும் அலுவலின் பொருட்டு வந்தோரும். இரண்டாவது ஏடு: பிறப்பு, இறப்பு, விவாகம், காணி, வழக்கு, சேமிப்பு ஆகியவற்றின் பதிவுகள். மூன்றாவது பணி: நாளை காலையிலும் அக்கதவு திறக்கும், முத்திரை குத்தப்படும், பணம் வழங்கப்படும் என்னும் உறுதி.

ஏடுகளின் அருமையை ஈழத்துத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பல தலைமுறையாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மக்களுட் பெரும்பாலார் அச்சான்றைக் காட்ட இயலாது நாடற்றவராயினர். ஒரு தாள் இல்லாமையால் ஒரு மக்கட் கூட்டம் என்ன ஆயிற்று என்பதைக் கண்டவர், பதிவேடுகள் வைக்கப்பட்ட கட்டடத்தை வெறுங் கல்லும் சுண்ணாம்பும் எனக் கருதார்.

தூரமே முதலரண்

1996ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 31ஆந் திகதி முற்பகலில், கோட்டை ஜனாதிபதி மாவத்தையிலுள்ள மத்திய வங்கியின் வாயிலிலே விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய லொறியொன்றை மோதச் செய்து வெடிக்க வைத்தனர். 91 பேர் உயிரிழந்தனர். ஏறக்குறைய 1,400 பேர் காயமுற்றனர். கண்ணொளி இழந்தோர் மட்டும் 100ஐ அண்மினர் என்பர். இறந்தோர் படைவீரரல்லர், கந்தோர் ஊழியரும், கொடுக்கல் வாங்கலுக்கு வந்தோரும், தெருவிற் சென்றோருமே பெரும்பாலார். வெடித்த மருந்து எவருடைய மொழியையும் கேட்டறியவில்லை. தோட்டத் தொழிலாளி முதல் கடைச் சிப்பந்தி வரை உழைத்துச் சேர்த்த ஊழியர் சேமலாப நிதி, 1958ஆம் ஆண்டின் சட்டப்படி அவ்வங்கியின் பொறுப்பிலேயே இருந்தது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அந்நிகழ்ச்சி கற்பித்த முதற் பாடம் தூரத்தைப் பற்றியது. வெடியின் தாக்கம் தூரத்தோடு மிக விரைவாகத் தேய்வது. ஒரு குறித்த தூரத்தில் ஏற்படும் அழுத்தத்தை இரு மடங்கு தூரத்தில் ஏற்படுத்த வேண்டுமாயின், மருந்தின் நிறை எட்டு மடங்காதல் வேண்டும் என்பது பௌதிகவியலார் கண்ட விதி. ஆகவே சுவரை இரு மடங்கு தடிப்பாக்குவதிலும், வாகனத்தைப் பத்து யார் தள்ளி நிறுத்துவதே பெரும் பயன் தருவது. கொழும்புக் கோட்டையின் இடுக்கண் யாதெனின், ஆங்கிலேயர் காலத்திலே வாணிகத்துக்கெனத் தெருவோரமாய் நெருக்கி எழுப்பப்பட்ட மாளிகைகளே அங்கு மிகுதி. தெருவுக்கும் சுவருக்கும் இடையே விட நிலமில்லை. ஒல்லாந்தர் கட்டிய கோட்டை மதில்களோ 1869ஆம் ஆண்டு முதல் இடிக்கப்பட்டுவிட்டன. எனவே போர்க்காலத்தில் தெருக்களையே மூடித் தூரத்தை உண்டாக்க வேண்டியதாயிற்று. போர் 2009இல் முடிந்த பின்னரே அத்தெருக்கள் படிப்படியாகத் திறக்கப்பட்டன.

வேறு நாடுகளும் இதே பாடத்தைப் பெருவிலை கொடுத்தே கற்றன. 1995ஆம் ஆண்டு ஏப்பிரில் 19ஆந் திகதி அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் மத்திய அரசாங்கக் கட்டடமொன்றின் முன் நிறுத்தப்பட்ட லொறி வெடித்து 168 பேர் மாண்டனர். கீழ்த்தளத்துத் தூண்கள் சில முறிந்தமையால், அவை தாங்கி நின்ற மேல்தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து வீழ்ந்தமையே அத்துணை உயிரிழப்புக்குக் காரணமாயிற்று. ஒரு தூண் போனாலும் மற்றவை சுமையைப் பகிர்ந்து தாங்குமாறு கட்டடத்தை அமைத்தல் வேண்டும் என்பதை அதன் பின்னர்க் கட்டடக் கலைஞர் மேலும் வற்புறுத்தலாயினர். கட்டடங்கள் அனைத்தையும் ஒரே வகையாக வைத்தெண்ணாது, அவற்றின் பணியையும் அங்கு கூடுவோர் தொகையையும் நோக்கி ஐந்து தரமாக வகுத்துக் காவலை அளந்திடும் முறையும் அந்நாட்டில் அப்போது பிறந்ததே. சிற்றூர்த் தபாற் கந்தோருக்கும் மத்திய வங்கிக்கும் ஒரே காவலிடுதல், ஒன்றுக்கு மிகையும் மற்றதற்குக் குறைவுமாய் முடியும்.

கண்ணாடியும் கதவும்

நகரத்தில் வெடி நிகழுங்கால் மக்களைப் பெரிதும் காயப்படுத்துவது சிதறும் கண்ணாடியே. ஓசையைக் கேட்டு யன்னலண்டை ஓடி வந்து நோக்குவது மனித இயல்பு. அந்நோக்கமே கண்ணைப் பறித்துவிடுகிறது. இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே மெல்லிய பிசின் படலம் ஒன்றை வைத்து ஒட்டிச் செய்யும் கண்ணாடி, உடைந்தாலும் சிதறாது சட்டத்திலேயே தொங்கும். பழைய யன்னல்களின் உட்புறத்தே அத்தகைய படலத்தை ஒட்டினும் ஓரளவு பயனுண்டு. காவற்கோபுரத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும். ஆயினும் கோபுரம் காண்போர் கண்ணுக்குத் தோன்றும், படலம் தோன்றாது. ஆதலால் இத்தகைய எளிய பாதுகாப்புப் பல இடங்களிலும் புறக்கணிக்கப்படுகின்றது.

கதவைப் பற்றியும் ஒன்று கூறுவாம். பகைவர் புகாதிருக்க வேண்டுமெனப் பின்வாயில்களைப் பூட்டிச் சங்கிலியிட்டு வைக்கும் வழக்கம் உண்டு. நெருப்புப் பற்றுங்கால் அவ்வரணே உள்ளிருப்போர்க்குச் சிறையாகிவிடும். உள்வருவதற்கு ஒரு வாயில், வெளியேறுவதற்குப் பல வாயில். வெளியேறும் வாயில்கள் உள்ளிருந்து தள்ளின் திறக்குமாறும், வெளியிலிருந்து திறவாதவாறும் அமைதல் வேண்டும். இவ்வொழுங்கு ஏட்டில் இருந்தாற் போதாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஊழியர் அனைவரும் மணியோசை கேட்டுப் படியிறங்கிப் பழகுதல் வேண்டும்.

வாயிலை எத்துணை நன்கு காப்பினும் ஆபத்து உள்ளிருந்தும் வரலாம். சிறீ ஜயவர்த்தனபுரக் கோட்டையிலுள்ள புதிய பாராளுமன்றம், ஜெப்ரி பாவா என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரால் தியவன்னா வாவியின் நடுவே தீவுபோல் அமைக்கப்பெற்று 1982ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் திறந்துவைக்கப்பட்டது. வள்ளுவர் கூறிய நீரரண் அதற்கு இயல்பாகவே அமைந்தது. ஆயினும் 1987ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆந் திகதி, ஆளுங்கட்சியினர் கூடியிருந்த குழு அறையினுள்ளேயே கைக்குண்டு வீசப்பட்டது. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரும் உயர் அலுவலர் ஒருவரும் உயிரிழந்தனர். அமைச்சர் லலித் அத்துலத்முதலி படுகாயமுற்றார். ஐயம் அங்கேயே பணியாற்றிய ஒருவர்மேல் விழுந்தது. நீர் சூழ்ந்த அரணும் உள்ளறைக்கு அரணாகவில்லை.

ஏடுகளின் காவல்

உயிர்க்கு அடுத்த நிலையில் வைத்தெண்ணத் தக்கவை ஏடுகள். தெருவிலெழும் சினத்துக்கு ஏடு எளிதில் இரையாகும். அதனை மீண்டும் எழுதித் தருவார் எவருமிலர். 1922ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30ஆந் திகதி, அயர்லாந்தின் உள்நாட்டுப் போரிலே, டப்ளின் நகரின் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொதுப் பதிவேட்டுக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டுகளின் பதிவுகளும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் குடிசன மதிப்பேடுகளுட் பலவும் சாம்பலாயின. தம் மூதாதையரைத் தேடும் ஐரிஷ் மக்கள் அவ்விழப்பின் துன்பத்தை இன்றும் உணர்கின்றனர். அண்மையில், 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆந் திகதி, நேபாளத்தின் தலைநகரிலே பாராளுமன்றமும் சிங்க தர்பார் என்னும் தலைமைச் செயலகமும் உயர் நீதிமன்றமும் எரியூட்டப்பட்டன. நீதிமன்றத்தில் எரிந்த வழக்கேடுகள் ஆட்சியாளருடையன அல்ல. நீதி நாடி ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த எளியோருடையன.

தொலைவிலே சான்று தேடவேண்டிய நிலையும் நமக்கில்லை. 1981ஆம் ஆண்டில் ஓர் இரவு யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன; அவற்றுள் வேறெங்கும் படியில்லாத ஓலைச் சுவடிகளும் இருந்தன. கட்டடம் மீண்டும் எழுந்தது, வெண்மையாகவே எழுந்தது. படியில்லாத சுவடிகள் எழவில்லை.

இதற்கு மாற்று யாது? ஒரு பொருளின் படியைப் பிறிதோரிடத்தில் வைத்தலே. இம்முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. நொத்தாரிசு ஒருவர் காணி உறுதி முடிக்குங்கால் என்ன நிகழ்கிறது என்பதை நோக்குக. மூலப்படி காணியை வாங்கினவர் கையிற் செல்கிறது. ஒரு படி நொத்தாரிசின் கட்டில் இருக்கிறது. இணைப்படி மாதந்தோறும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுகிறது. வீடு எரியினும் பதிவகத்தில் உண்டு. பதிவகம் எரியினும் நொத்தாரிசிடம் உண்டு. இவ்வொழுங்கை ஏற்படுத்தினோர் குண்டை நினைத்துச் செய்தாரல்லர். மோசடியைத் தடுக்கவே செய்தனர். எனினும் மூவிடத்தில் மூன்று படி என்னும் அச்சிறு விதி, பல குடும்பங்களின் நிலத்தைக் கலவர காலத்திலும் காக்கவல்லது. இக்காலத்தில் நிழற்படமாகவும் கணினிப் பதிவாகவும் படியெடுத்தல் எளிது. ஆனால் அக்கணினியும் அதே கட்டடத்தின் கீழறையில் இருக்குமாயின், படியெடுத்தும் எடாததே ஆகும்.

கூட்டமும் குண்டும்

இனி இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவாம். அரசாங்கக் கட்டடத்தை நாடி வருவோர் எல்லோரும் ஒரு தன்மையர் அல்லர். குண்டோடு வருபவன் வேறு. குறையோடு வருபவன் வேறு. இருவரையும் ஒரே கண்கொண்டு நோக்குவதே இந்நாட்டின் பெரும் பிழையாய் இருந்து வந்தது.

1956ஆம் ஆண்டு ஜூன் 5ஆந் திகதி, சிங்களம் மட்டும் சட்டமூலத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியினர் அன்றைய பாராளுமன்றத்துக்கெதிரே காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவர் கையிற் கல்லுமில்லை, கம்புமில்லை. குண்டர் கூட்டமொன்று அவர்களைத் தாக்கிற்று. பொலிஸார் பார்த்து நின்றனர். அன்று பாராளுமன்றக் கட்டடத்தின் ஓர் ஓடும் உடையவில்லை. ஆயினும் பாராளுமன்றத்தின்மேல் ஒரு மக்கட் கூட்டம் வைத்திருந்த நம்பிக்கை உடைந்தது. 1961ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிலே தொடங்கிய சத்தியாக்கிரகமும் அத்தகையதே. வாயிலை மறித்துப் படுத்தனர். கட்டடத்துக்கு ஊறு செய்தாரல்லர். ஏப்பிரில் மாதத்தில் அவசரகாலச் சட்டமும் இராணுவமும் அவர்களை அகற்றின. கச்சேரி திறந்தது, குறை கேட்கும் செவி திறக்கவில்லை. அமைதியாய் வாயிலில் இருந்தோரை விரட்டிய நாடு, பிற்காலத்தில் அவ்வாயில்களுக்கு லொறியோடு வந்தோரைக் கண்டது. முன்னையதே பின்னையதற்கு முழுக் காரணம் என்று யாம் கூறவில்லை. கொலையைத் தேர்ந்தோர் அத்தேர்வுக்குத் தாமே பொறுப்பாவர். எனினும் முறையீட்டின் கதவை அடைப்போர், வன்முறையை நாடுவோர்க்கு வாதமொன்றை இலவசமாய் வழங்குகின்றனர் என்பது பொய்யன்று.

2022ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் நம் கண்முன் நடந்தவை. எரிபொருளும் மருந்தும் பால்மாவும் கிடையாத நிலையில் ஏப்பிரில் 9ஆந் திகதி காலிமுகத்திடலில் மக்கள் கூடினர். மே 9ஆந் திகதி அலரி மாளிகையில் நடந்த கூட்டத்திலிருந்து புறப்பட்ட ஆதரவாளர் அவர்களைத் தாக்கினர். அன்றிரவே நாடெங்கும் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. ஜூலை 8ஆந் திகதி இரவு பொலிஸார் ஊரடங்கு விதித்தனர். அதற்குச் சட்டத்தில் இடமில்லையெனச் சட்டத்தரணிகள் சங்கம் எடுத்துரைக்க, மறுநாட் காலை அது நீக்கப்பட்டது. அன்றே, ஜூலை 9ஆந் திகதி, கண்ணீர்ப் புகையையும் தடைகளையும் மீறி மக்கள் வெள்ளம் ஜனாதிபதி மாளிகையுட் புகுந்தது. ஜனாதிபதி செயலகமும் அலரி மாளிகையும் மக்கள் வசமாயின. பிரதமரின் சொந்த இல்லம் எரியூட்டப்பட்டு அவருடைய நூல்களும் எரிந்தன.

அன்றைய நிகழ்ச்சியில் இரு முகங்கள் இருந்தன. மாளிகையுள்ளே கண்டெடுத்த ஏறக்குறைய 1 கோடியே 78 இலட்சம் ரூபாவை இளைஞர் எண்ணிப் பொலிஸாரிடம் ஒப்படைத்தனர். ஜூலை 14ஆந் திகதி கட்டடங்களைத் தாமே திருப்பிக் கையளிப்பதாகவும் அறிவித்தனர். அதே வேளையில், ஜனாதிபதி மாளிகையிலிருந்தும் அலரி மாளிகையிலிருந்தும் பழமை வாய்ந்த பொருள்கள் 1,000க்கு மேல் காணாமற் போயின எனப் பொலிஸார் பின்னர் தெரிவித்தனர். கூட்டம் என்பது ஒரே மனமுடைய உயிரன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. ஆகவே கூட்டத்தை எதிர்கொள்ளும் காவலன், பெரும்பாலாரோடு பேசவும் சிறுபான்மையான தீயோரைப் பிரித்தறியவும் பயிற்சி பெறுதல் வேண்டும். அனைவரையும் ஒருசேர அடிப்பானாயின், அமைதியாய் வந்தோரையும் கல்லெறிவோர் பக்கம் அவனே சேர்த்துவிடுவான். நேபாளத்தில் நிகழ்ந்ததும் அதுவே. முதல் நாள் துப்பாக்கிச் சூட்டில் 19 பேர் மாண்டனர், மறுநாள் தலைநகர் எரிந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து நேர்ந்தாலன்றி மனிதர்மேற் சுடலாகாது என 1990ஆம் ஆண்டு ஹவானாவிற் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு வகுத்த நெறியின் உட்பொருளும் இதுவே. சுவருக்காக உயிரை வாங்குதல் தகாது. சுவரைப் பின்னர்க் கட்டிக்கொள்ளலாம்.

காவலின்மேல் நம்பிக்கை

வேலியே பயிரை மேய்ந்தால் என் செய்வது என்பது நம் பழமொழி. யாழ்ப்பாண நூலகம் எரிந்த இரவில் நகரிற் பொலிஸார் இல்லாமலில்லை; காவலுக்கென வந்தோரே அத்தீயோடு தொடர்புற்றனர் என்பது கண்டோர் பலரின் சாட்சியம். 1983ஆம் ஆண்டு ஜூலை 25ஆந் திகதியும் 27ஆந் திகதியும் வெலிக்கடைச் சிறைச்சாலையிலே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். நாட்டிலுள்ள அரசாங்கக் கட்டடங்களுட் சிறைச்சாலையே மிக உயர்ந்த மதிலுடையது. அதே கிழமையில், உயர்ந்த மதில் எதுவுமற்ற பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாயிற்று. வீடிழந்து வந்தோர் அதன் வகுப்பறைகளிலே தஞ்சம் புகுந்தனர். ஒரு கட்டடத்தைப் புகலிடமாக்குவது அதன் மதிலின் உயரம் அன்று என்பதை நம் தலைமுறை இவ்வாறு கற்றது.

ஆபத்து வருமென்று எச்சரிக்கை கிடைத்தும் காவாதிருத்தல் பிறிதொரு வகைக் குறை. 2019ஆம் ஆண்டு ஏப்பிரில் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தீவிரவாதிகள் கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம் உட்படத் தேவாலயங்களையும் ஹோட்டல்களையும் தாக்கி 250க்கு மேற்பட்டோரைக் கொன்றனர். முன்னெச்சரிக்கை அதிகாரிகளின் கைக்கு முன்னரே வந்திருந்தது. அரசாங்க வாயில்கள் காக்கப்படுங்கால் தீயோர் காவலற்ற வாயிலைத் தேடுவர். ஆகவே செய்தியறிந்து முன்கூட்டித் தடுப்பதே தலையாய காவல். 2023ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதி உயர் நீதிமன்றம், அத்தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. காவாமைக்கும் கணக்குக் கூறவேண்டும் என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

ஐயுறவுக்கும் ஓர் எல்லை உண்டு. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி, பாதுகாப்பென்னும் பேரால், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள விடுதிகளிலே தங்கியிருந்த 376 தமிழர் விடியுமுன் எழுப்பப்பட்டு பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பப்பட்டனர். வெளிநாட்டுப் பயணத்துக்கும், வைத்தியத்துக்கும், தொழில் தேடியும் வந்தோர் அவர். மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அன்றைய பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். இதிலே மனிதாபிமானக் குறையோடு காவற்குறையும் உண்டு. ஐயத்துக்கிடமான ஒருவனைக் கண்டு முதலிற் சொல்லக்கூடியவர், அவன் தங்கும் தெருவிலே வாழ்பவர். அத்தெருவினர் அனைவரையும் ஐயத்துக்குரியோர் ஆக்கிவிட்டால், காவல் தன் கண்ணையே குத்திக்கொள்கிறது. மொழியைப் பார்த்துச் சோதிக்கும் காவலன், குண்டைப் பார்த்துச் சோதிக்கும் நேரத்தை இழக்கின்றான். செய்கையைப் பார்த்து ஐயுறுதலே முறை. பெயரைப் பார்த்து ஐயுறுதல் சோம்பல்.

சட்டத்தின் காவல்

அரசும் சட்டத்துக்கு உட்பட்டே தன்னைக் காத்தல் வேண்டும். பொதுச் சொத்துக்கு ஊறு செய்வோரைத் தண்டிக்க 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் உண்டு. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கக் குற்றவியற் சட்டங்கள் உண்டு. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை அமைதியாக ஒன்றுகூடும் உரிமையையும் உறுதி செய்கின்றது. இவ்விரண்டினிடையே நேர்வழி கண்டு நடப்பதே ஆட்சி. 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், பாராளுமன்றம், நீதிமன்ற வளாகம், ஜனாதிபதி மாளிகை முதலியவற்றைச் சூழ்ந்த பகுதிகள் 1955ஆம் ஆண்டின் அரச இரகசியங்கள் சட்டத்தின் கீழ் அதியுயர் பாதுகாப்பு வலயங்களென வர்த்தமானியிற் பிரகடனஞ் செய்யப்பட்டன. இரகசியங்களைக் காக்க ஆக்கிய சட்டத்தைக் கூட்டங்களைத் தடுக்கப் பயன்படுத்துதல் முறையோ எனச் சட்டவல்லுநர் வினவினர். சில நாள்களிலேயே, ஒக்டோபர் 1ஆந் திகதி, அப்பிரகடனம் மீளப்பெறப்பட்டது. நீதிமன்ற வளாகத்தைக் காக்க எழுந்த கட்டளை, நீதியின் வினாவுக்கு விடை கூற இயலாது நின்றமை நோக்கத்தக்கது.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவாம். வாகனத்தைத் தூரத்தே நிறுத்துக, கண்ணாடியைச் சிதறாததாக்குக, வெளியேறும் வழியை அடையாதிருக்க, ஏட்டின் படியைப் பிறிதோரிடத்தில் வைக்க, வரும் எச்சரிக்கையை அலட்சியஞ் செய்யற்க, குறையோடு வருவோரையும் குண்டோடு வருவோரையும் பிரித்தறிக, ஐயத்தைச் செய்கையின்மேல் வைக்க, இனத்தின்மேல் வையற்க. இவற்றுள் முற்பாதி பொறியியலாளரின் பணி. பிற்பாதி ஆட்சியாளரதும் குடிமக்களதும் பணி. முற்பாதிக்குப் பணம் போதும். பிற்பாதிக்கு நேர்மை வேண்டும். அதனாற்றான் அது தாமதிக்கின்றது.

நம் இளைய மாணவருட் சிலர் நாளை பொறியியலாளராகவும், சிலர் சட்டத்தரணிகளாகவும், சிலர் அரசாங்க அலுவலராகவும் விளங்குவர். கந்தோரின் கருமபீடத்துக்கு அப்பால் அமரும் நாள் அவர்க்கு வருங்கால், வெளியே காத்து நிற்கும் முதியவரிடம் அவர் அறிந்த மொழியிலே இன்முகத்தோடு பேசி, அவர் கேட்ட பத்திரத்தை அன்றே எடுத்துக் கொடுப்பார்களாயின், அக்கட்டடத்துக்கு அவர்கள் ஒரு காவலராவர். தன் கருமம் நடைபெறும் இடத்தைத் தனதென்று கருதும் குடிமகன் அதனை எரிக்க எண்ணான். எரிக்க வருவோரைக் கண்டு வாளாவிருக்கவும் மாட்டான். கோட்டையின் பழைய மதில்கள் இடிந்து நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவ்விடத்தே எழுப்பவேண்டிய அரண் இத்தகைய குடிமக்களே.